பெட்டி அடுக்கிய வீடு

ஆண்டவர் எனக்குச் செய்த நன்மையை எழுதித் தா என்று பாஸ்டர் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார், சகோதரங்களே. ஒரு பக்கத்துக்குள் முடிக்க வேண்டும் என்றும் சொன்னார். என் வாயைத் தெரிந்தவர்களுக்கு அது நடக்கிற காரியமில்லை என்று தெரியும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதில் என் புத்திகெட்ட வேலை ஒன்றும் வருகிறது. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம், ஆனால் கடைசிவரை வாசியுங்கள்.

2011இல் நான் இத்தாலியில் பலெர்மோவுக்குத் தனியாக வந்தேன். என் கணவர் அருளும் மகள் ஷாலினியும் கிளிநொச்சியில். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. ஒரு வருஷத்தில் உங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு விடுவேன் என்று வாய் கிழியச் சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி விட்டது.

வேலை இருந்தது. நகரத்து ஓரத்தில், சியாகுல்லியில், மண்டரீன் என்கிற சின்ன ஆரஞ்சுத் தோட்டத்தில் பழம் வெட்டுகிற வேலை, ஒப்பந்தமும் ஒழுங்கானது. வீடுதான் இல்லை. குடும்பத்தைக் கூப்பிடுவதென்றால் என் பெயரில் பதிந்த வீடு காட்ட வேண்டும். நான் சந்தைக்குப் பின்னால் ஒரே அறையில் இன்னும் இரண்டு பெண்களோடு இருந்தேன். பதிந்து தர மாட்டோம் என்று ஒவ்வொரு வீட்டுக்காரரும் கையை விரித்தார்கள். 2014 கடைசியில் மாரி, இங்கே குளிர்காலம், வந்தபோது ஷாலினிக்குப் பதினேழு. வருகிற ஐப்பசியில் பதினெட்டு முடிந்துவிடும். அதற்குள் விண்ணப்பம் போடாவிட்டால் பிறகு அவளைப் பிள்ளை என்று கூப்பிட முடியாது.

முன்பெல்லாம் தொலைபேசியில், "அம்மா, இந்தக் கிறிஸ்மஸுக்காவது வந்திடுவமோ?" என்று கேட்பாள். அந்தக் கிறிஸ்மஸுக்கு அவள் கேட்கவில்லை. சாப்பிட்டீங்களோ, அங்கை குளிரோ என்று மட்டும் கேட்டுவிட்டுத் தகப்பனிடம் தொலைபேசியைக் கொடுத்துவிட்டாள். அன்று நான் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். பிள்ளை கேட்காமல் விட்டது, அவள் கோபித்ததைவிட எனக்கு வலித்தது.

நான் ஜெபிக்காமல் இருக்கவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் உபவாசம். "ஆண்டவரே, எனக்கொரு வீடு தாரும்." மூன்று வருஷமாக இதே வரி. அவருக்கே சலித்திருக்கும்.

ஆனால் மனிதரிடம் கேட்க எனக்கு வாய் வராது. காரணம் சொல்கிறேன். யுத்தம் முடிந்த வருஷம் நாங்கள் முகாமில் இருந்தோம். தண்ணீருக்கு வரிசை, சோற்றுக்கு வரிசை, சவர்க்காரத்துக்கும் வரிசை. கை நீட்டி நீட்டி என் கையே எனக்கு வெறுத்துப் போனது. முகாமை விட்டு வெளியே வந்த அன்று, இனி ஒரு மனிதரிடமும் எதையும் கேட்க மாட்டேன் என்று எனக்குள் முடிவெடுத்தேன். அதை நான் ரோசம் என்று நினைத்தேன். அதனால் எதையும் யாரிடமும் கேட்காமல் செய்வதே என் குணமாகிப் போனது.

தோட்டத்துச் சொந்தக்காரி சிஞோரா அகாத்தா. எழுபது வயது விதவை, கறுப்புக் கோட்டு, இடிமுழக்கம் போலக் குரல். நகரத்தில் இருந்தார். அவருக்கும் எனக்கும் உள்ள பேச்சு, "போன் ஜோர்னோ, சிஞோரா", "போன் ஜோர்னோ, புஷ்பா", அவ்வளவுதான். தோட்டத்தின் ஓரத்தில் அவருடைய பழைய வீடு ஒன்று பூட்டியிருந்தது. வெறும் பழப்பெட்டிகளை அதற்குள்தான் அடுக்குவோம். கதவின் திறப்பு, அதுதான் சாவி, என்னிடம்தான். மூன்று வருஷமாக ஒவ்வொரு நாளும் திறந்து, பெட்டி எடுத்து, பெட்டி வைத்து, பூட்டினேன். இதைக் கவனமாக நினைவில் வைத்திருங்கள்.

எங்கள் தோட்டத்து மண்டரீன், ஊரெல்லாம் முடிந்த பிறகு தையிலும் மாசியிலும் பழுக்கிற பிந்திய இனம். பிடுங்கக்கூடாது, கத்திரியால் இரண்டு இலையோடு வெட்ட வேண்டும். காலையில் எத்தனை மணிக்குப் போனாலும் மரத்தில் பனி காயும்வரை வேலை தொடங்க விட மாட்டார்கள். எங்கள் கை விறைத்துப் போகும் என்று சிஞோரா இரக்கப்படுகிறார் என்றே நான் நினைத்திருந்தேன். ஏன் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை.

மாசி மாதம் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. வன்னியில் நெல் வெட்டி முடித்துக் கொண்டாடுகிற பண்டிகையை இங்கே மண்டரீனோடு கொண்டாடுகிறோம். அந்த வருஷம் சிஞோரா, "உங்கடை கோயிலுக்கு ரெண்டு பெட்டி எடு" என்று தானாகவே சொன்னார். பண்டிகைக்கு முதல்நாள் சனிக்கிழமை நானும் என் அறைத்தோழி ராணியும் பழம் எடுக்கப் போனோம். முந்திய இரவு ஷிரோக்கோக் காற்று அடித்து, ஆபிரிக்காவிலிருந்து சிவப்புத் தூசியைக் கொண்டுவந்து கொட்டியிருந்தது. கொட்டகையில் நாற்பது பெட்டி, வெள்ளிக்கிழமை வெட்டியது, திங்கள் வியாபாரி வந்து எடுப்பார். எல்லாப் பழத்திலும் தூசி.

கழுவாத விளைச்சலை ஆண்டவருக்கு முன்னால் வைக்கிற பழக்கம் எங்களுக்கில்லை. கிழங்கென்றாலும் மண் போகக் கழுவித்தான் பீடத்தடியில் வைப்போம். இரண்டு பெட்டியையும் குழாய்த் தண்ணீரில் கழுவினேன். பழம் பளபளத்தது. மற்றப் பெட்டிகளைப் பார்த்தேன். பாவம், முகம் கழுவாமல் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் மாதிரி இருந்தன. சிஞோராவுக்கும் ஒரு நன்மை செய்வோமே என்று தோன்றியது.

"அக்கா, அவவிட்டை ஒருக்காக் கேட்டிட்டுச் செய்வமே?" என்றாள் ராணி.

"நல்லது செய்யிறதுக்கு என்னத்துக்கடி கேக்கிறது?"

நாற்பது பெட்டியையும் கழுவி, ஒன்றின்மேல் ஒன்றாகத் திரும்ப அடுக்கினேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு அழகு பார்த்தேன்.

மத்தியானம் பக்கத்துத் தோட்டத்துத் தொத்தோ வந்தார். நாற்பது வருஷம் மண்டரீனோடு கிடந்த மனிதர். பெட்டியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைக் கண்டதும் இரண்டு கையையும் தலையில் வைத்து, "மடோன்னா! என்ன செய்தனீ?" என்று கத்தினார். பிறகுதான் விளக்கினார். ஈரத்தோடு பெட்டியில் கிடந்த மண்டரீன் இரண்டு நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். பனி காயும்வரை காத்திருப்பதும் அதற்காகத்தான். என் கை விறைப்பதைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை.

அந்த மாரியின் கடைசி நல்ல விளைச்சல் அது. அது அழுகினால் சிஞோரா என்னை வைத்திருப்பாரா? வேலை போனால் ஒப்பந்தம் போகும். ஒப்பந்தம் போனால் வீடு கிடைத்தும் பயனில்லை. ஷாலினி வரமாட்டாள்.

கொட்டகைத் தரையில் முழங்காலில் விழுந்தேன். அழகான ஜெபம் ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, காத்து. காத்தைத் தாரும்" என்றுதான் கதறினேன். ஒரு இலை அசையவில்லை. வானம் ஈரச்சீலை மாதிரித் தொங்கியது.

ராணி தொலைபேசியை எடுத்தாள்.

"ஆரிட்டையடி கதைக்கிறாய்?"

"பாஸ்டரிட்டை. சபையைக் கூப்பிடுறன்."

"வேண்டாம், மானம் போகும்."

"அக்கா, மானத்தைப் பெட்டியிலை போட்டு வியாபாரிக்கு விக்கலாமோ? பேசாமல் இருங்கோ."

ஒரு மணித்தியாலத்தில் வந்தார்கள். பாஸ்டரின் வான் வண்டியில் எட்டுப் பேர், பேருந்தில் ஆறு பேர். வீடு துடைக்கிற வேலை முடிந்த கையோடு வந்தவர்களும் உண்டு. யாரும் என்னைத் திட்டவில்லை, கொஞ்சம் சிரித்தார்கள். ஆளுக்கு ஒரு பை நிறையப் பழைய பருத்திச் சேலையும் சாரமும் கொண்டுவந்திருந்தார்கள். பாஸ்டர் தன் வேட்டிகளைக் கொண்டுவந்தார். பழத்தைப் பரப்பக் கொட்டகை காணாது. பூட்டியிருந்த அந்தப் பழைய வீட்டைத் தொத்தோ காட்டினார். அடுக்கியிருந்த வெறும் பெட்டிகளையெல்லாம் வெளியே தூக்கிப் போட்டோம். சன்னல்களை இழுத்துத் திறந்தோம். தரையெல்லாம் சேலை விரித்து, ஒவ்வொரு பழமாகத் துடைத்துப் பரப்பினோம். இலைக்கடியில்தான் தண்ணீர் ஒளித்துக்கொண்டிருக்கும், அங்கேதான் நன்றாகத் துடைக்க வேண்டும். பாட்டுப் பாடிக்கொண்டே துடைத்தார்கள்.

நாலு மணியளவில் முற்றத்தில் ஒரு வெறும் பெட்டி தானாக உருண்டது. பிறகு கதவு அடித்தது. வாடை! ஊரில் மார்கழியில் வந்து எலும்பைக் குத்துகிற அதே வடகாற்று. அதைத் திட்டாத ஆள் வன்னியில் இல்லை. அன்று நான் முற்றத்தில் நின்று குளிரில் பல்லுக் கிட்ட, "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று குதித்தேன். காற்று ஒரு சன்னலால் புகுந்து மறு சன்னலால் போனது. சேலைகளின் கரையெல்லாம் படபடத்தன.

இருட்டுவதற்கு முன் துடைத்து முடித்தோம். அப்போது ராணி வீட்டுக்குள் நின்று சுற்றிப் பார்த்தாள். "அக்கா, இது வீடல்லோ?"

நானும் பார்த்தேன். இரண்டு அறை, சமைக்க ஒரு குசினி, பூப்போட்ட தரை. மூன்று வருஷம் என் கையால் திறந்து பூட்டிய கதவு. பெட்டியைத் தவிர வேறொன்றையும் நான் அதற்குள் கண்டதில்லை.

மறுநாள் ஞாயிறு பாஸ்டர் பண்டிகையைத் தோட்டத்துக்கே மாற்றிவிட்டார். காற்று இன்னும் நின்றிருக்கவில்லை. பழங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை விட்டு, நெருக்கி நின்று ஆராதித்தோம். மூன்றாவது பாட்டில் வாசலில் கறுப்புக் கோட்டு தெரிந்தது. பூசை முடிந்து சிஞோரா தோட்டத்தைப் பார்க்க வந்திருக்கிறார். பாட்டு நின்றது.

நான் முன்னால் போனேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலியனில் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்காமல் கழுவினேன், பிழை என்னுடையது, மன்னியுங்கள் என்றேன். அவர் கத்தினார். சரியாக எவ்வளவு நேரம் என்று தெரியாது, பாஸ்டரே கண்ணை மூடிக்கொண்டார். பிறகு குனிந்து ஒரு பழத்தை எடுத்தார். அமத்திப் பார்த்தார், மணந்து பார்த்தார், இலையைத் தூக்கி அடியில் விரலால் தடவினார். இன்னொன்று, இன்னொன்று.

"காய்ஞ்சிருக்கு" என்றார். ஐந்து பெட்டி அடிபட்டது, உதவாது. மிச்சம் வியாபாரிக்குப் போகும் என்றும் சொன்னார்.

பிறகு என் சபையைப் பார்த்தார். "இவ்வளவு பேரும் ஆர்?"

"என்ரை ஆக்கள், சிஞோரா."

"உனக்கு ஒருத்தரும் இல்லையெண்டெல்லோ நான் நினைச்சுக்கொண்டிருந்தன்."

"மனிசனும் இருக்கிறார். ஒரு மகளும் இருக்கிறாள்."

"நீ ஒருநாளும் சொல்லேல்லையே!"

ராணி பின்னாலிருந்து என் முதுகைக் கிள்ளினாள். முகாமில் வரிசையில் நின்ற அந்த வெட்கம் முழுவதும் திரும்பி வந்தது. "ஆண்டவரே, இந்த வாயை மட்டும் திறவும்" என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

"சிஞோரா, இந்த வீட்டை எனக்கு வாடகைக்குத் தருவீங்களோ? என்ரை பேரிலை பதிஞ்சு. மகளைக் கூப்பிட வேணும்."

அவர் கூரையைப் பார்த்தார், சேலைகளைப் பார்த்தார். அந்த இடிக்குரல் இறங்கிவிட்டது. "மகன் மிலானோவுக்குப் போனதிலையிருந்து இஞ்சை விளக்கு எரியேல்லை. ஆள் இல்லாத வீடு இடிஞ்சு போகும். ஆராவது குடியிருக்க வர வேணுமெண்டு நான் ஒவ்வொரு ஞாயிறும் பூசையிலை மண்டாடுறனான். திறப்பு உன்ரை கையிலைதானே இருந்தது, பிள்ளை. ஏன் கேக்கேல்லை?"

நான் அவருடைய கறுப்புக் கோட்டில் முகத்தை வைத்து, சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். சபை முழுவதும் அழுதது. தொத்தோ மட்டும் ஒரு பழத்தை உரித்துத் தின்றார்.

ஆண்டவர் என் ஜெபத்தை மூன்று வருஷம் தள்ளி வைத்தார் என்று நான் முறையிட்டிருந்தேன். அவர் தள்ளி வைக்கவில்லை. திறப்பை முதல் வருஷமே என் கையில் தந்துவிட்டார். கேட்கிற வாய்தான் எனக்கில்லை. அதைத் திறக்க நாற்பது பெட்டிப் பழமும் ஒரு வாடைக்காற்றும் தேவைப்பட்டன.

சித்திரையில் ஒப்பந்தம் பதிந்தோம். அருமை பெருமையான வீடு என்று சொல்ல மாட்டேன், மழைக்குக் குசினியில் வாளி வைக்க வேண்டும். ஷாலினிக்குப் பதினெட்டு முடிய முன்பே விண்ணப்பம் போய்விட்டது. அடுத்த மாரியில், பழம் வெட்டுகிற காலத்தில், இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். அருள் இரண்டு சுவெட்டருக்குமேல் சிஞோராவின் மகனுடைய கோட்டையும் போட்டுக்கொண்டு, இது மாரியோ ஐஸ் பெட்டியோ என்று முனகினார். இப்போது என்னைவிட வேகமாகப் பழம் வெட்டுகிறார். சொன்னால் தலைக்கனம் பிடித்துவிடும், அதனால் சொல்வதில்லை. ஒவ்வொரு மாசியும் அறுப்பின் பண்டிகை எங்கள் முற்றத்தில்தான். காணிக்கைப் பொருளை ஏலம் விடும்போது சிஞோரா தன் தோட்டத்து மண்டரீனைத் தானே அதிக விலைக்குக் கேட்டு எடுத்துக்கொண்டு போவார். இந்தப் பழம் வேறு ருசி என்பார்.

சகோதரங்களே, முழங்காலில் நின்று கேளுங்கள். கேட்டுவிட்டு எழும்பி, பக்கத்தில் நிற்கிற மனிதரிடமும் கேளுங்கள். உங்கள் ஜெபத்துக்குரிய பதிலை ஆண்டவர் அந்த மனிதருடைய வீட்டில் வைத்திருக்கலாம். அவருடைய ஜெபத்துக்குரிய பதில் நீங்களாகவும் இருக்கலாம். வெட்கம் ஒரு நிமிஷம்தான், நான் பார்த்துவிட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து ஷாலினி கூப்பிடுகிறாள். "அம்மா, தேத்தண்ணி போட்டுத் தருவீங்களோ? அம்மா, உங்கடை சிவப்புச் சால்வையைத் தருவீங்களோ? அம்மா, ஞாயிற்றுக்கிழமை சிநேகிதிகளோடை மொண்டெல்லோக் கடற்கரைக்குப் போகட்டோ?" விடிந்தால் பொழுதுபட்டால் அம்மா தாங்கோ, அம்மா தாங்கோதான். அருள் அவளை அதட்டுவார், வாயை மூடிக்கொண்டிரு என்று.

நான் அதட்ட விடுவதில்லை. பிள்ளை கேட்கட்டும்.