கயிற்றைக் கேட்கப் போனவள்

போன மாதம் என் தங்கை மகன் முத்தையாபுரத்தில் வீடு கட்டிப் பால் காய்ச்சினான். முதலில் பசு உள்ளே வர வேண்டும் என்று ஐயர் சொல்லிவிட்டதால், எங்கெங்கோ அலைந்து ஒரு பசுவைச் சின்ன லாரியில் ஏற்றி வந்தார்கள். கழுத்தில் நீல நிற நைலான் கயிறு. பளபளவென்று இருந்த தரையில் கால் வைக்கமாட்டேன் என்று அது நின்றது. வழுக்கும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது, பாவம். நாலு பேர் சேர்ந்து தள்ளினார்கள். உள்ளே போன வேகத்தில் கூடத்தின் நடுவில் சாணம் போட்டது. பெரியவர்கள் "லட்சுமி வந்துட்டா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மருமகள் மூக்கைப் பிடித்தபடி பினாயில் பாட்டிலைத் தேடி ஓடினாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஒரு காலத்தில் நானும் மூக்கைப் பிடித்த கட்சிதான்.

அந்த வாசனை இருக்கிறதே, அது என்னை நேராக யுத்த காலத்துத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோய்விட்டது. அப்போது நான் துறைமுகத்துக் கம்பெனி ஒன்றில் புதுக் குமாஸ்தா. கஞ்சி போட்ட சட்டை, கையில் குடை, நெற்றி நிறையத் திருநீறு. மழையே பெய்யாத ஊரில் குடை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். குமாஸ்தா என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?

உப்பளத்துக்குப் போகிற வழியில் ஒரு சந்தில் குடியிருந்தோம். என் மனைவி இசக்கி உடன்குடிக்காரி. கல்யாணமாகி வந்தபோது கூடவே ஒரு செவலைப் பசுவையும் ஓட்டிக்கொண்டு வந்தாள். கருப்பட்டிச் சிப்பம் கொண்டுவந்த வண்டியின் பின்னால் கட்டி, அத்தனை மைலும் நடத்தியே கூட்டி வந்தார்கள். செவலைதான் அதன் பெயரும். எங்கள் வீட்டில் இரண்டு ஈத்து ஈன்றது. அதற்கப்புறம் சினை பிடிக்கவில்லை, மடி வற்றிவிட்டது.

பால் இல்லையே தவிர அந்தச் சந்தில் அதற்கு வேலை இல்லாமல் இல்லை. ஆறு வீட்டிலும் அரிசி கழுவிய தண்ணீர், காய்த்தோல், பழைய கஞ்சி எல்லாம் எங்கள் கொல்லைப் பானைக்கு வந்துவிடும். பக்கத்து வீட்டுச் சவேரியம்மாள் காலையில் மாதா கோவில் பூசை முடிந்து வந்ததும் முதல் காரியமாகக் கஞ்சித் தண்ணியைத்தான் கொண்டுவருவாள். அவள் புருஷன் சங்கு குளிக்கிறவர். முத்துக் குளிப்பு எப்போதோ நின்றுபோயிருந்தது. விறகு கிடைக்காத அந்த நாளில் அவர்கள் அடுப்பு எரிந்தது இசக்கி தட்டிய வரட்டியில். மிஞ்சிய சாணத்தைக் கொல்லையில் போட்டுப் போட்டு, உப்புப் பூத்துக் கிடந்த மண்ணை அவள் கறுப்பாக்கினாள். கீரையும் கத்தரியும் அங்கே காய்த்ததைப் பார்த்து உப்பளத்து ஆட்கள் வேலியோரம் நின்று அதிசயப்படுவார்கள். அந்தச் சந்தில் குப்பை என்று கொட்ட யாரிடமும் எதுவும் இருந்ததில்லை. இதையெல்லாம் இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு என் கண்ணில் பட்டது ஈயும் நாற்றமும்தான்.

வெள்ளிக்கிழமை தோறும் இசக்கி அதைக் குளிப்பாட்டி, நெற்றியிலும் பின்பக்கத்திலும் மஞ்சள் குங்குமம் வைத்துச் சுற்றி வருவாள். அமாவாசைக்கு அகத்திக்கீரை. சிவராத்திரி நெருங்கினால் சாண உருண்டைகளை உமியில் புதைத்துச் சுட்டு, துணியில் சலித்துத் திருநீறு எடுப்பாள். வருஷம் முழுக்க என் நெற்றியில் பளிச்சென்று நின்றது அதுதான்.

யுத்தம் முற்றியதும் வைக்கோல் வண்டி வருவது நின்றுபோனது. செவலைக்கு விலா எலும்பு தெரிந்தது. இசக்கி பனையோலையைக் கிழித்துப் போட்டாள், பனம்பழத்தை நறுக்கிப் போட்டாள், தன் சோற்றில் பாதியைப் போட்டாள். ஆபீஸில் ஒருவன், "என்னவே, கறக்காத மாட்டுக்கு மாமியார் வீட்டு விருந்தாமே" என்று கேட்டுவிட்டான். ரோஷக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு அன்று இரண்டும் சரியாகவே இருந்தது.

மாட்டுத் தரகர் ஒருவர் வற்றின மாடுகளை வாங்குகிறார் என்று கேள்விப்பட்டேன். எதற்கு வாங்குகிறார் என்றும் கேள்விப்பட்டேன். அதைக் கேட்காத மாதிரி வைத்துக்கொண்டேன். இசக்கி குடத்தோடு நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குப் போயிருந்த ஒரு காலையில் அவரை வரவழைத்தேன். அவர் துண்டுக்குள் கையை விட்டு என் விரல்களைப் பிடித்து விலை பேசினார். அந்த விரல் பாஷை எனக்கு எங்கே தெரியும்? தெரிந்தவன் மாதிரித் தலையாட்டினேன். அவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டேன். செவலை சந்து முனையில் ஒருமுறை நின்று கத்தியது. நான் உள்ளே போய்ச் சட்டை மாட்டினேன். நெற்றியில் அதன் திருநீறு ஈரம் காயாமல் இருந்தது.

இசக்கி வந்தாள். குடத்தை இறக்கிவைத்துவிட்டு வெறும் கட்டுத்தறியைப் பார்த்தாள். அழுவாள், சண்டை போடுவாள் என்று நான் பதிலெல்லாம் தயார் பண்ணி வைத்திருந்தேன்.

"கயிறு எங்க?" என்றாள்.

மாட்டை விற்றாலும் கயிற்றை விற்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். வாங்குகிறவன் புதுக்கயிறு கொண்டுவந்து மாற்றிக் கட்டுவான். பழைய கயிறு தொழுவத்திலேயே இருக்கும். கயிறு போனால் வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடும் என்பார்கள். அவசரத்தில் நான் கயிற்றோடு பிடித்துக் கொடுத்திருந்தேன்.

"மறந்துட்டேன், ஏளா."

"மாட்டத்தான குடுத்திய. கயித்தக் கேட்டு வாங்கிட்டு வாரேன். ரூவாய எடுங்க."

ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பிவிட்டாள். கயிற்றுக்கு ரூபாய் எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. குடையைக் கூட எடுக்காமல் பின்னால் ஓடினேன். அன்றைக்கு ஆபீஸ் அவ்வளவுதான். சவேரியம்மாள் வாசலில் நின்றாள். "ஏளா இசக்கி, மாடு இல்லாம வராத. எங்க வீட்டு அடுப்பும் அதுல இருக்கு" என்றாள்.

முத்தையாபுரம் போகிற வழியில் ஒரு பனங்காட்டில் தரகர் மாடுகளைக் கட்டியிருந்தார். இருபது உருப்படி இருக்கும், எல்லாம் எலும்பும் தோலும். இசக்கி திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே அவரிடம் போனாள்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுக் கயிறு ஒங்ககிட்ட வந்துட்டு. கயிறு மாத்தாம, மாட்டக் கும்புட்டு அனுப்பாம நடந்த வியாபாரம். இது வித்ததா ஆகாது."

தரகர் சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை, வாய்தான் முந்திக்கொண்டது. "தாயி, வெட்டுக்குப் போற மாட்டுக்கு என்ன சம்பிரதாயம்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. துண்டை எடுத்து வாயைத் துடைத்தார். இசக்கி அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியிருப்பாள். அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல வரவில்லை.

"தெரியும்" என்றேன்.

அவள் தரகர் பக்கம் திரும்பிக்கொண்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ரூபாயைத் தரகர் பக்கத்தில் இருந்த பனந்தடி மேல் வைத்தாள். "பாலு குடுத்தவரைக்கும் அம்மா, வத்தினா யாரோவா அண்ணாச்சி? இது தின்னுட்டுப் போட்டதுல ஆறு வீட்டு அடுப்பு எரியுது. இவுக நெத்தியில இருக்கதும் அதான். நான் கூட்டிட்டுத்தான் போவேன். பொழுது விடிஞ்சு அடஞ்சாலும் இங்கனதான் இருப்பேன்." சொன்னபடியே மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நான் நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் கஞ்சிச் சட்டையோடு நின்றேன். வெயில் உச்சிக்கு வந்தது. தரகரின் ஆள் ஒருவன் அதட்டிப் பார்த்தான். அவள் அசையவில்லை.

கடைசியில் தரகரே எழுந்தார். "கயித்தோட பிடிச்சுட்டு வந்தது என் தப்பும்தான்" என்று முணுமுணுத்தபடி செவலையின் கழுத்திலிருந்து கயிற்றை அவிழ்த்து இசக்கியின் கையில் கொடுத்தார். அவள் அதை மாட்டின் கழுத்தில் திரும்பக் கட்டவில்லை. தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். செவலை அவிழ்த்த கழுத்தோடு அவள் பின்னாலேயே நடந்தது. ஓட்டிப் பிடிக்கப் போன ஆளைத் தரகர், "விடுலே, போவட்டும்" என்று நிறுத்தினார். செவலைக்குப் பின்னால் நான். ஊர் எல்லை வரை எங்கள் மூவருக்குள் அதுதான் வரிசை. எனக்கு அது தகும்.

அதற்கப்புறம் செவலை ஆறு வருஷம் இருந்தது, ஒரு சொட்டுப் பால் இல்லாமல். மறுநாளிலிருந்து தொழுவம் கூட்டுவது என் வேலை. இசக்கி சொல்லவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். சாணக்கையோடு நின்றபோது எனக்கு நாற்றம் தெரியவில்லை என்றால் நம்ப மாட்டீர்கள். தெரிந்தது, பழகிக்கொண்டேன். அது செத்த அன்று சவேரியம்மாளின் புருஷன் கொல்லையில் குழி வெட்டினார். உப்பளத்து ஆட்கள் ஆளுக்கொரு ஓலைக் கடகம் நிறைய உப்புக் கொண்டுவந்து கொட்டினார்கள். இசக்கி மஞ்சள் தண்ணீர் தெளித்துக் குனிந்து அதன் கால்களைத் தொட்டுக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன். மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். யாரிடம் என்று இப்போதும் தெளிவில்லை.

அந்தச் சந்து இப்போது இல்லை. எங்கள் வீடு இருந்த இடத்தில் மாடி மாடியாகக் கட்டிவிட்டார்கள், தரையெல்லாம் சிமெண்டு. மிச்சச் சோற்றை அவரவர் பாலிதீன் பையில் போட்டு இறுக முடிந்து தெரு முனையில் எறிகிறார்கள். இசக்கி போய் ஒன்பது வருஷம் ஆகிறது.

போன வாரம் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். எதிரே குப்பை மேட்டில் ஒரு மாடு, வற்றின மாடுதான், சோறு இருந்த பையை அவிழ்க்கத் தெரியாமல் பையோடு விழுங்கிக்கொண்டிருந்தது. போய் வாயிலிருந்து பிடுங்கியிருக்கலாம். பத்தடி தூரம்தான். பஸ் வந்தது. இசக்கியாக இருந்தால் பஸ்ஸை விட்டிருப்பாள். நான் ஏறிவிட்டேன்.