கண்மேல் போட்ட கறுப்புப் பட்டை

மருத்துவ மாநாட்டுக்குப் போஸ்டர் என்றால் முன்பெல்லாம் ஃப்ளெக்ஸில் அச்சடித்து, சுருட்டி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போவோம். இப்போது எல்லாம் இ-போஸ்டர். ஒரே ஒரு ஸ்லைடு. முன்கூட்டியே அனுப்பிவிட்டால் அன்றைக்கு அவர்களே டிவித் திரையில் போட்டுவிடுவார்கள். வேலை குறைந்தது என்று நினைத்தால் அதுதான் இல்லை. வருடக்கணக்கில் பார்த்த வேலையை ஒரு ஸ்லைடில் அடக்கச் சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

நான் மந்தைவெளியில் பிசியோதெரபிஸ்ட். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் பெண்களின் தோள்வலிதான் என் ஆராய்ச்சி. கூடை தூக்கித் தூக்கித் தோள் இறுகிப்போய், கை மேலே எழும்பாது. அப்படி வந்தவர்களில் ஒரு அக்கா. தலை பின்ன முடியாது, ஜாக்கெட் மாட்டக்கூட மருமகள் வேண்டும் என்ற நிலையில் வந்தார். சுவரில் விரல்களை மெல்ல மேலே நகர்த்தும் பயிற்சியைக் கொடுத்தேன். கை காது உயரத்துக்கு வந்ததும், படம் எடுக்க வேண்டும், பெரிய டிவியில் வரும் என்று சொன்னேன். மறுநாள் பட்டுப்புடவையும் தலை நிறையக் கனகாம்பரமுமாக வந்து நின்றார். வலியோடு கையைத் தூக்கிக்கொண்டே சிரிக்கவும் செய்தார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளியின் படத்தைப் போட்டால் கண்மேல் ஒரு கறுப்புப் பட்டை போட்டுவிட வேண்டும். ஆள் அடையாளம் தெரியக்கூடாது. நானும் யோசிக்காமல் போட்டேன். அனுப்புவதற்கு முன் அக்காவிடம் காட்டலாம் என்று மீன்கடைக்கே போய், பெருமையாகப் போனை நீட்டினேன்.

"இன்னாமா இது? கேஸ்ல மாட்டினவன் மூஞ்சிய பேப்பர்ல போடற மாரி போட்டுகீற? நான் இன்னா திருடியா?"

"அப்படி இல்லக்கா. நீங்க யாருன்னு வெளிய தெரியக்கூடாது. உங்க நல்லதுக்குத்தான்."

"தெரியட்டுமே! தெரியணும்னுதானே பட்டுப்பொடவ கட்டிகினு வந்தேன்."

அதற்குள் வஞ்சிரம் கேட்டு ஆள் வந்துவிட்டது. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. அந்த வாரம் பயிற்சிக்கு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. நடுவில் விட்டால் தோள் பழையபடி இறுகிவிடும். நான் போட்ட பட்டைக்காக அந்தக் கை மறுபடியும் கீழே இறங்கப்போகிறதே என்று சோறு இறங்கவில்லை.

என் ஆராய்ச்சி வழிகாட்டி மயிலாப்பூர்க்காரர். அவரிடம் சொன்னேன். "எதுக்கும்மா வம்பு? எல்லாரும் பண்ணிண்டு இருக்கறதுதானே. பேசாம பட்டையோட அனுப்பிச்சுடு" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. உட்கார்ந்து மாநாட்டு விதிகளை முழுசாகப் படித்தேன். நோயாளி எழுத்தில் சம்மதித்தால் முகத்தைக் காட்டலாம் என்று தெளிவாகவே போட்டிருந்தது. இத்தனை நாளும் அதை யாரும் படித்ததில்லை, நான் உட்பட. கடைக்குப் போய் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார், ஆனால் சிரிக்கவில்லை. "மொதல்ல போடு, அப்பால பாக்கலாம்" என்றார். பட்டையை எடுத்துவிட்டு ஸ்லைடை அனுப்பினேன்.

அடையாறில் ஒரு அரங்கில் மாநாடு. வரிசையாக டிவிகள். ஆளுக்குச் சில நிமிடங்கள்தான். பக்கத்துத் திரைக்காரரின் குரல் என் குரலை விழுங்கிக்கொண்டிருந்தது. என் முறை வந்தபோது பாதிப்பேர் சமோசா வரிசையில் நின்றார்கள். வரைபடத்தைக் காட்டத் தொடுதிரையில் விரலை வைத்தேன். தொட்ட இடம் தவறிப்போய் அக்காவின் படம் விரிந்து திரை முழுவதையும் பிடித்துக்கொண்டது. என்ன தட்டியும் சுருங்கவில்லை. சமோசாத் தட்டோடு நாலுபேர் இந்தப் பக்கம் வந்தார்கள். நானும் போராடுவதை விட்டுவிட்டு, அந்தச் சிரிப்பைக் காட்டியே மிச்சத்தைச் சொல்லி முடித்தேன்.

"பேஷண்ட் முகத்த மறைக்கலையா?" என்றார் நடுவர்.

"மறைக்க வேண்டாம்னு அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க சார்."

அவர் ஏதோ குறித்துக்கொண்டார். என் வழிகாட்டி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரிசு கிடைக்கவில்லை. வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய். டிவியோடு சேர்த்து ஒரு படம் எடுத்து அக்காவின் மருமகள் போனுக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை.

திங்கட்கிழமை நான் கிளினிக்குக்குப் போனபோது அக்கா எனக்கு முன்னாலேயே வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதையெல்லாம் கவனிக்கவில்லை. மருமகளின் போனை எடுத்து, நான் அனுப்பிய படத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாரு, டிவில தலைக்கு மேல எவ்ளோ எடம் காலியா கீது. கை காதாண்டயே நின்னுகினு கீது. கதவத் தொற, இன்னும் தூக்கணும்."