வயலில் பொறுக்கிய பித்தளை

டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோ நகருக்கு வெளியே இருந்த இறைச்சித் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்தில் நின்று எலும்பு நீக்கியவர் ஒரு டேனிஷ்காரர். மனைவி பிரிந்துபோனபின் தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் உலோகம் தேடும் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு உழுத வயல்களில் நடப்பார். விடுமுறை நாளில் நீ என்ன செய்கிறாய் என்று ஒருமுறை என்னிடம் கேட்டார். காத்திருக்கிறேன் என்றேன். எனக்கு அப்போது தெரிந்த டேனிஷ் அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு காரோடு வாசலில் வந்து நின்றார்.

மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். நான் புறப்பட்டபோது மகள் வயிற்றில். அவளைப் படத்தில்தான் கண்டிருந்தேன். அகதியாக ஏற்கப்பட்டவன் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம் என்பது இந்த நாட்டுச் சட்டம். அதன்படி விண்ணப்பித்திருந்தோம். பதில் வரவில்லை. தெரிந்த தமிழர் ஒருவருக்கும் வரவில்லை. எங்கள் விண்ணப்பங்களைத் தொடவேண்டாம் என்று மேலிடத்தில் சொல்லிவைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் வெளியே வந்தது. அப்போது நாங்கள் எங்களிடமே பிழை தேடிக்கொண்டிருந்தோம். ஒருவன் கலியாணப் படம் தெளிவில்லை என்பான். இன்னொருவன் பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்புச் சரியில்லை என்பான். நான் மனைவியை இரண்டாம் தடவையும் படம் எடுத்து, கொழும்புக்குப் போய்க் கொடுக்கச் சொன்னேன். சண்டைக்குள் அந்தப் பாதை எப்படி இருந்தது என்று தெரிந்துகொண்டே சொன்னேன்.

வயலில் கிடைத்ததை அவருடைய சமையலறையில் பழைய பத்திரிகைகளை விரித்துச் சுத்தம் செய்வோம். கிரீடம் பொறித்த சட்டைத் தெறிகள், இடுப்பு வார்ப்பூட்டுகள், தையல்காரர் விரலுறைகள், துணிப் பொதிக்கு அடித்த ஈய முத்திரைகள். இரும்பை நனைக்காமல் தனியே வைப்பார். மற்றவற்றைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, மென்மையான தூரிகையாலும் மரப் பல்குத்தியாலும் மண்ணை மட்டும் எடுக்க வேண்டும். எங்கள் ஊரில் பித்தளையைப் பழப்புளி போட்டுத் தேய்ப்போம், ஒரு நிமிடத்தில் பளபளக்கும் என்று ஒருநாள் சொன்னேன். அவர் கையிலிருந்த தெறியை என்னிடமிருந்து ஒளிப்பவர்போல் மூடிக்கொண்டார். அந்தப் பச்சைக் களிம்புதான் அதன் தோல், அதை உரித்தால் எழுத்தும் உருவமும் சேர்ந்தே போய்விடும் என்றார். அவருக்கு அந்தச் சாமான்கள்மேல் அப்படி ஒரு பரிவு. நானும் பழகிக்கொண்டேன். அந்த வேலை செய்யும்போது மட்டும் தபாற்காரனைப் பற்றி நினைக்காமல் இருக்க முடிந்தது.

ஒரு வசந்தகாலத்தில் கருவி என் கையில் இருந்தபோது சத்தமிட்டது. தோண்டினால், பறவை வடிவத்தில் ஒரு சிறிய வெண்கல உடையூசி, மேலாடையில் குத்திக்கொள்வது. மண்ணுக்குள்ளேயே அதன் கண் தெரிந்தது. அவர் ஈர மண்ணில் முழந்தாளிட்டுவிட்டார். இப்படிப்பட்டவை இங்கே அரசுக்குச் சொந்தம். கண்டெடுத்தவர் ஒப்படைக்க வேண்டும்.

நூதனசாலையிலிருந்து ஒருவர் வீட்டுக்கே வந்தார். பஞ்சு வைத்த பெட்டி கொண்டுவந்திருந்தார். சட்டென்று காய்ந்துவிடக் கூடாது, காய்ந்தால் வெடிக்கும் என்று சொல்லி, பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி வைத்தார். எந்த இடம், எவ்வளவு ஆழம், பக்கத்தில் வேறு என்ன கிடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வயலுக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். வழியில் குடும்பம் இருக்கிறதா என்று விசாரித்தார். சொன்னேன். இங்கே எல்லாம் முறைப்படி நடக்கும், பொறுமையாக இருங்கள் என்றார். நல்ல மனிதர். நம்பித்தான் சொன்னார்.

விதைப்பு முடியுமுன்னே நூதனசாலையின் பதில் வந்துவிட்டது. பறவைக்கு ஏறத்தாழ ஆயிரம் வயது, அது தலைநகரில் பத்திரமாக இருக்கிறது, உங்கள் அக்கறைக்கு நன்றி என்று எழுதியிருந்தார்கள். என்னுடைய நீண்ட பெயரில் ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லை. தொழிற்சாலை நண்பர் பியர் வாங்கிவந்து கொண்டாடினார். எனக்கு அந்தப் பறவைமேல் பொறாமையாக இருந்தது. இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்போது இருந்தது பொறாமைதான். அதே கிழமை வானொலியில், இலங்கையில் நிலைமை சீராகிவிட்டது, தமிழர் திரும்பிப் போகலாம் என்று யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

பத்திரிகைகள் எழுதி, சில வழக்கறிஞர்கள் விடாமல் கேட்ட பிறகு, ஒருநாள் அனுமதி வந்தது. விமான நிலையத்தில் மனைவி மெலிந்து, கறுத்து, என்னைவிட மூத்தவள்போல் நின்றாள். சுகமாக இருக்கிறீர்களா என்று வேற்று ஆளிடம் கேட்பதுபோல் கேட்டாள். மகள் அவளுடைய சேலைக்குப் பின்னால் நின்றபடி தாயிடம் கேட்டாள்.

"அந்த மாமா எங்களோடையோ இருக்கப்போறார்?"

அந்த மாமா நான்தான். வீட்டுக்கு வந்த பிறகும் அவள் என்னோடு நேராகக் கதைக்கவில்லை. எது வேண்டுமென்றாலும் தாயின் காதில் சொல்வாள்.

பிள்ளை வந்திருக்கிறாளே என்று நண்பர் ஒரு ஞாயிறு பிற்பகல் கேக்கோடு வந்தார். அவளுக்கு வேடிக்கை காட்ட, அன்று பொறுக்கியதைக் கழுவாமல் வாளியோடு கொண்டுவந்திருந்தார். மேசையில் பத்திரிகை விரித்துக் கொட்டினார். மகள் மெல்லக் கிட்ட வந்தாள். அவள் நெருங்கியதே எனக்குப் பெரிய சந்தோசம். தெறியையும் விரலுறையையும் அவள் பார்க்கவில்லை. மண் அப்பிய சிறு குழாய்கள் சில கிடந்தன. அவற்றைத் தாயம் விளையாடச் சோகி பொறுக்குவதுபோல் விறுவிறென்று பிரித்தாள். பெரியது ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம். என்னவென்று நண்பர் குனிந்து பார்த்தார். துப்பாக்கி ரவையின் வெற்றுக் கோதுகள். உலகப் போர்க்காலத்தில் ஜேர்மன் படை இங்கே முகாமிட்டிருந்தது, மண்ணை உழும்போது இன்னும் வரும் என்றார். பிறகு மண் உருண்டைபோல் இருந்த ஒன்றை எடுத்து, மண் கழலட்டும் என்று மேசை விளிம்பில் தட்ட ஓங்கினார்.

மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அவரைத் தட்ட வேண்டாமெண்டு சொல்லுங்கோ. அது இன்னும் வெடிக்கேல்லை. முன்னுக்குச் சன்னம் இருக்கு."

அவள் என்னோடு நேராகப் பேசிய முதற் பேச்சு அதுதான்.

நான் சொல்ல முன்னமே நண்பர் கையை நிறுத்திவிட்டார். அவளுடைய முகம் போதுமாக இருந்தது. மண்ணை விரலால் வழித்துப் பார்த்தார், குண்டின் கூர்முனை தெரிந்தது. அதை வெளியே மணலில் வைத்துவிட்டுப் பொலிசுக்கு அறிவித்தார். அவர்கள் வந்து கொண்டுபோனார்கள். கேக்கை யாரும் வெட்டவில்லை. இந்தச் சின்னப் பிள்ளைக்கு இது எப்படித் தெரியும் என்று அவர் என்னிடம் கேட்டார். நான் மனைவியைக் கேட்டேன். ஆமிக்காரர் போனபின் எங்கள் தெரு ஒழுங்கையில் பிள்ளைகள் கோது பொறுக்கி விளையாடுவார்கள், வெடிக்காத ஒன்றைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை கல்லில் தட்டியதில் விரல்கள் போய்விட்டன, இவள் பக்கத்தில் நின்றவள் என்றாள். மொழிபெயர்க்கத் தொடங்கி, விரல்கள் என்ற சொல்லோடு நிறுத்திவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு வாளியை எடுத்துப்போனார்.

சாமான்களைப் பற்றி மனைவி அதன்பிறகுதான் கேட்டாள். எத்தனை காலமாக இதைச் செய்கிறீர்கள் என்றாள். நீங்கள் வராமல் இருந்த காலம் முழுக்க என்றேன். அவள் கோபப்படவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"நாங்கள் பங்கருக்குள்ளை கிடக்கேக்கை நீங்கள் இஞ்சை தெறி கழுவிக்கொண்டு இருந்திருக்கிறீங்கள்."

நான் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று கேட்டிருக்கலாம். அவள் கேட்டது அதுவல்ல. அதன்பிறகு நான் வயலுக்குப் போகவில்லை. நண்பர் இரண்டொருமுறை கூப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். தொழிற்சாலையில் முன்போலவே பக்கத்தில் நின்றோம், காலநிலையைப் பற்றிப் பேசினோம்.

சில வருடங்கள் கழித்து, எங்கள் விண்ணப்பங்களை நிறுத்திவைத்தது பற்றிய விசாரணை முடிந்து அரசாங்கம் விழுந்தது. அன்று மாலை தொலைக்காட்சியில் அந்தச் செய்திதான். மகளுக்கு அதற்குள் டேனிஷ் தண்ணீர்பட்ட பாடு. நாங்கள் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்வாள். மனைவி முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போக உடுத்திக்கொண்டு நின்றாள். என்ன சொல்கிறார்கள் என்று மகளைக் கேட்டாள். பிழை நடந்தது உண்மையாம் என்று அவள் தாய்க்காகத் தமிழில் சொன்னாள்.

"ஆருக்குப் பிழை செய்தவையாம்?"

மகள் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிச் செய்தியைக் கவனித்தாள்.

"பாராளுமன்றத்துக்கு. அங்கை பொய் சொன்னவையாம்."

மனைவி கோட்டின் தெறிகளைச் சரிபார்த்துப் பூட்டினாள். சோறு அடுப்பில் இருக்கிறது, ஆறமுன் பிள்ளைக்குக் கொடுங்கள் என்று எனக்குச் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள்.