மூதூரில் ஒரு திரைக்கு இந்தப் பக்கம்

கோட்டை, கோயில், கடற்கரை என்று பார்த்துவிட்டுத் திரும்பும் பயணம் எனக்கு அலுத்துப் போய்விட்டது. அதனால் இந்த முறை இலங்கைக்கு வரும்போது தீவைப் பெண்களின் கதைகள் வழியாகச் சுற்றுவது என்று முடிவெடுத்தேன். ஊருக்கு இரண்டு மூன்று பேர். ராணியோ, தெய்வமோ, பள்ளிக்கூட ரீச்சரோ, யாரானாலும் சரி. மாசி மாதத்தில் மூன்று வாரம் லீவு கிடைத்தது. அதில் கடைசி நான்கு நாட்களைத் திருகோணமலைக்கு ஒதுக்கினேன்.

கடைசிக்கு ஒதுக்கியதற்குக் காரணம் உண்டு. திருகோணமலைப் பட்டியலில் இருந்த மூன்று பெண்களில் ஒருவர் உயிரோடு இருக்கிறார். அவருக்குக் கொடுக்க வேண்டிய ஒரு சீலை, அரக்கு நிறம், பச்சைக் கரை, ரொறன்ரோவிலிருந்தே என் பெட்டிக்குள் வந்துகொண்டிருந்தது. நல்லதைக் கடைசியில் சாப்பிடுகிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே இருக்கிறது, சனியன் பிடித்த பழக்கம்.

தங்கியது திருகோணமலை டவுனில், ஓர்ஸ் ஹில்லில், கூடப் படித்த நண்பன் வீட்டில். முதல் நாள் காலை ஏழு மணிக்கு ஓட்டோ பிடித்துக் கோணேசர் கோயிலுக்குப் போனேன். நானூறு ரூபாய் கேட்டார், கொடுத்தேன். கோட்டை வாசலில் மான்கள் நிற்கும், கையில் சாப்பாட்டுப் பை வைத்திருக்காதீர்கள். செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு மேலே ஏற வேண்டும். எட்டு மணிக்குப் பிறகு போனால் கல் சுடும், நான் சொல்லவில்லை என்று பிறகு ஏசக் கூடாது.

பாறை உச்சியில் ஒரு பழைய கல்தூண் நிற்கிறது. காதலன் கப்பலேறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒல்லாந்துப் பெண்ணொருத்தி அங்கிருந்து கடலுக்குள் குதித்தாள் என்பது கதை. திரும்பும் வழியில் ஓட்டோக்காரரிடம் அவளைப் பற்றிக் கேட்டேன். அவள் குதிக்கவே இல்லையாம், பிறகு வேறொருவனைக் கட்டிக்கொண்டு சுகமாக இருந்தாளாம், யாரோ படித்த ஆள் தனக்குச் சொன்னாராம். எனக்கென்னவோ அந்தக் கதைதான் பிடித்திருந்தது. ஆனால் குதிக்காதவளுக்கு யார் தூண் நாட்டுவார்கள்?

இரண்டாம் நாள் கன்னியா வெந்நீரூற்று. டவுனிலிருந்து எட்டுக் கிலோமீற்றர், போய்வர ஓட்டோவுக்கு இரண்டாயிரம். ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. இராவணன் தன் தாயின் கிரியைக்காக வாளால் குத்தித் தண்ணீர் வரவழைத்த இடம் என்பார்கள். இன்றும் இறந்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியைக்கு அங்கே வருபவர்கள் உண்டு. அந்தத் தாய் என்ன செய்தாள், எப்படிப்பட்டவள் என்று யாரும் சொல்வதில்லை. அவள் செத்ததுதான் கதை. நானும் ஒரு வாளித் தண்ணீர் அள்ளி என் அம்மாவை நினைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டேன். அம்மா இறந்து இரண்டு வருஷம். ரொறன்ரோக் குளிரில் எரித்தோம், கன்னியாவுக்குக் கொண்டுவர முடியவில்லை. வெந்நீர் என்பதால் கண்ணீர் வந்தாலும் வெளியில் தெரியாது, அது ஒரு வசதி.

இனி மூன்றாவது பெண். என் அம்மா மூதூருக்குப் பக்கத்துக் கட்டைபறிச்சான்காரி. நான் வயிற்றில் இருந்தபோது நோவு கண்டதும், மூதூர்த் துறையிலிருந்து லோஞ்ச் படகில் ஏற்றித் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அப்போது பாலமெல்லாம் இல்லை, கொட்டியாரக் குடாவைக் கடந்தால்தான் பெரியாஸ்பத்திரி. பிள்ளைத்தாச்சிகளுக்குத் துணையாக லோஞ்சில் போய்வருகிற ஒருவர் மூதூரில் இருந்தார். ஆசியா உம்மா என்று பெயர். படித்த தாதியல்ல. கைராசிக்காரி, பயமில்லாதவர். தமிழரோ முஸ்லிமோ, கூப்பிட்டால் தன் கைக்குழந்தையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறிவிடுவாராம். நடுக்குடாவில் எஞ்சின் நின்றுவிட்டது. நான் பிறந்தது அங்கே, அவர் கையில்.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவன்று மருத்துவிச்சிக்குச் சீலை கொடுக்கும் வழக்கம் உண்டு. அந்த முப்பத்தோராம் நாளுக்குள் ஊரில் பிரச்சினை வந்து, அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு இடம்பெயர்ந்தார். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பல ஊர், கடைசியில் கனடா. சீலை மட்டும் கொடுபடவில்லை. சாகிறதற்கு முந்தின வருஷம் அம்மா தானே கடைக்குப் போய் அந்த அரக்குச் சீலையை எடுத்தார். மூதூர் உம்மாவைக் கண்ணால் கண்டு, கையில் கொடுத்து, காலைத் தொட்டுவிட்டு வரவேண்டும் என்றார். கட்டைபறிச்சானில் மிஞ்சியிருக்கும் ஒரு சொந்தக்காரர் விசாரித்து, உம்மா இருக்கிறார், எண்பதை எட்டுகிறார், மகன் நஸீரோடு இருக்கிறார் என்று போன வருஷம் வீட்டு அடையாளம் அனுப்பினார். தொலைபேசி இலக்கமும் அனுப்பினார். நான் அழைப்பு எடுக்கவில்லை. சொல்லாமல் போய் முன்னால் நின்றால்தான் அழகு என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு மூதூர் பஸ். நான் போன நாட்களில் லோஞ்ச் ஓடவில்லை. நூற்று எழுபது ரூபாய், ஒன்றேகால் மணித்தியாலம். வலப்பக்கம் போலவே இடப்பக்கமும் நல்ல காட்சிதான், ஆனால் கிண்ணியாப் பாலத்தில் எந்தப் பக்கம் வெயில் அடிக்கிறதோ அந்தப் பக்கம் இருக்காதீர்கள். மூதூரில் இறங்கி நடந்தே போகலாம். கேட்ட முதல் கடைக்காரரே வழி காட்டினார். காட்டும்போது என் கையிலிருந்த பையையும் முகத்தையும் ஒரு மாதிரிப் பார்த்தார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நஸீர் வாசலுக்கு வந்தார். என் வயது, பாதி நரை, சிரிக்கிற கண். நான் லோஞ்சில் பிறந்த கதையைச் சொன்னதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு உள்ளே கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தினார். அந்தக் கதையை அவர் நூறு தரம் கேட்டிருக்கிறார். உம்மாவின் இடுப்பில் இருந்த கைக்குழந்தை அவர்தான். பிறகு அவர் முகம் மாறியது. அவருடைய வாப்பா மௌத்தாகி ஐந்து வாரம். உம்மா இத்தாவில் இருக்கிறார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கணவன் இறந்தால் நான்கு மாதமும் பத்து நாளும் முஸ்லிம் பெண்கள் வெள்ளை உடுத்து வீட்டுக்குள் ஒதுங்கி இருப்பார்கள். மற்ற நாளென்றால் அந்த வயதில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு வந்து என்னோடு இருந்து கதைத்திருப்பார். இந்த நாட்களில் அந்நிய ஆண் எவனும் முகம் காண ஏலாது. அறை வாசலில் நீலப் பூப்போட்ட திரை ஒன்று தொங்கியது. அதற்கு அந்தப் பக்கம்தான் அவர் இருந்தார். இந்தப் பக்கம் நான், மடியில் அரக்குச் சீலை.

சனிக்கிழமை எனக்கு விமானம். இத்தா முடிய வைகாசி ஆகும். அடுத்த லீவு இரண்டு வருஷத்துக்குப் பிறகு. ஒரே ஒரு தொலைபேசி எடுத்திருந்தால் மொத்தப் பயணத்தையும் ஆனிக்குத் தள்ளியிருக்கலாமே என்று எனக்கு அந்த இடத்திலேயே தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

நஸீருக்கும் மனம் கேட்கவில்லை. எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் மெதுவாகக் கதைத்தார். அப்போதுதான் உள்ளேயிருந்து குரல் கேட்டது. கரகரப்பான, ஆனால் பிசிறில்லாத குரல்.

"அந்தப் புள்ளைக்கு நான் பால் குடுத்த. ஒனக்கும் குடுத்து, அவருக்கும் குடுத்த."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மா இதைச் சொன்னதே இல்லை. நஸீர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் வெளிச்சம் வந்துவிட்டது. அவர் எனக்கு விளக்கினார். அவர்களுடைய மார்க்கத்தில், இரண்டு வயதுக்குள் ஒரு பெண்ணிடம் ஐந்து தடவை வயிறாரப் பால் குடித்த குழந்தை அவளுக்குப் பிள்ளை. பெற்ற பிள்ளை மாதிரியே முகம் பார்க்கலாம், இத்தாவிலும் பார்க்கலாம். ஐந்து தடவை என்றால் நான் அவருக்குச் சகோதரன், திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போகலாம்.

அவர் கேட்டார், உம்மா சொன்னார். அம்மாவுக்கு இரத்தம் போய் மயக்கம். உம்மா அன்றிரவு ஆஸ்பத்திரியிலேயே தங்கியிருக்கிறார். லோஞ்சில் வைத்து ஒரு தடவை. வார்ட்டில் கட்டில் கிடைத்ததும் ஒன்று. ராத்திரி ஒன்று. விடியச் சுபஹுத் தொழுகைக்கு முந்தி ஒன்று. ஒவ்வொன்றாகச் சொல்லி அவர் நிறுத்தியபோது நானும் நஸீரும் விரலை மடித்தபடி இருந்தோம். நான்கு.

"உம்மா, நல்லா ஓசிச்சிப் பாருங்க. அஞ்சாக இருக்கும்" என்றார் நஸீர்.

நான் ஐந்தாவது விரலையும் மடிக்கத் தயாராக இருந்தேன் என்பது உண்மை. ஐந்து என்ற ஒரு சொல் வந்தால் போதும், அங்கே அதைச் சரிபார்க்க யாருமில்லை.

"அஞ்சாவது தரமும் நான் உங்களத் தூக்கினதான், மகன்" என்றது குரல். இப்போது என்னிடமே பேசியது. "உங்கட உம்மா கண் முழிச்சிட்டா. 'தாங்கோ அக்கா, எனக்குப் பால் ஊறிட்டுது' எண்டு கைய நீட்டினா. நான் குடுத்திட்டன். அல்லாஹ்வுக்குத் தெரிஞ்ச கணக்க நான் மாத்த ஏலாது."

நஸீர் வந்து என் தோளில் கை போட்டார். தன் பங்கில் நான்கு தடவை நான் குடித்துவிட்டேன், அதைத் திருப்பித் தராமல் என்னை விடமாட்டார் என்று பகிடி விட்டார். இரண்டு பேரும் சிரித்தோம், இரண்டு பேருக்கும் சரியாக வரவில்லை. சீலையை நஸீரின் கையில் கொடுத்தேன். வெள்ளை உடுத்தியிருப்பவருக்கு அரக்குச் சீலை, என் அறிவு அப்படி. அவர் உள்ளே கொண்டுபோனார். துணி விரிகிற சத்தம் கேட்டது. நிறம் நல்ல நிறம், உங்கட உம்மா தெரிந்துதான் எடுத்திருக்கிறா, இத்தா முடியட்டும், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு உடுப்பேன் என்றார் உம்மா. என் பிள்ளைகளை விசாரித்தார். அம்மா எப்படிப் போனார் என்று கேட்டார், நோயில்லாமல் நித்திரையிலே என்று சொன்னேன். அல்ஹம்துலில்லாஹ் என்றார். நான் திரைக்கு இந்தப் பக்கம் நிலத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டு எழும்பினேன். மத்தியானம் நஸீரின் மனைவி சமைத்த மீனாணமும் சோறும் சாப்பிட்டுத்தான் வெளிக்கிட விட்டார்கள். இரண்டரை மணிப் பஸ்ஸில் ஓர்ஸ் ஹில்லுக்குத் திரும்பினேன்.

போகிறவர்களுக்குச் சில சொல்கிறேன். திருகோணமலைக்கு மாசி, பங்குனி நல்ல காலம், மழை விட்டிருக்கும். கோணேசருக்கு விடியவே போங்கள். கன்னியாவில் குளிப்பதென்றால் மாற்று உடுப்பு கொண்டுபோங்கள், ஒதுங்கி மாற்ற இடம் பெரிதாக இல்லை. கிண்ணியா, மூதூர்ப் பக்கம் யாருடைய வீட்டுக்காவது போவதென்றால் தயவுசெய்து முன்கூட்டியே அழைத்து வீட்டு நிலைமை கேளுங்கள். தூணும் கிணறும் எங்கும் போகாது, அவற்றைக் கடைசியில் பாருங்கள். உயிரோடு இருப்பவர்களிடம் முதலில் போங்கள்.

அன்று திரும்பும் வழியில் பஸ் கிண்ணியாப் பாலத்தில் ஏறியபோது குடா வலப்பக்கம் விரிந்து கிடந்தது. அங்கே எங்கோதான் நான் பிறந்திருக்கிறேன். இன்னும் ஒரு தடவை மட்டும் அவரிடம் குடித்திருக்கக் கூடாதா என்று தண்ணீரைப் பார்த்து வாய்விட்டே சொல்லிவிட்டேன், பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். சொன்ன பிறகுதான் யோசித்தேன். அந்த ஐந்தாவது தடவை, என் அம்மா எனக்கு முதன்முதலாகப் பால் தந்தது. அது வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்ல?