பௌர்ணமியன்று போட்ட இரண்டாவது சிஸ்டம்

அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டு வாசலே கிரிவலப் பாதைதான். ஒரு பௌர்ணமியன்று மாலை ஐந்து மணிக்கு என் தங்கைக்கு ஆன்லைனில் தேர்வு இருந்தது. வீட்டிலிருந்தே டைப் செய்து கொடுக்கும் ஒரு வேலைக்கான தேர்வு அது. புருஷனை விட்டுக் குழந்தையோடு வந்திருந்தவள். கிடைத்தால் யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம். செல்போனில் எழுதக் கூடாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள்.

வீட்டிலிருந்த பழைய லேப்டாப்பில் தேர்வுப் பக்கம் திறக்கவேயில்லை. நான் பத்தாவதோடு நின்றவன். யாரையும் போய்க் கேட்கக் கூச்சம். எதையும் வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொள்வேன். இருக்கிற சிஸ்டத்தை அழிக்காமல் பக்கத்திலேயே, பழைய லேப்டாப்பிலும் ஓடும் லினக்ஸ் என்ற இன்னொரு சிஸ்டத்தையும் ஏற்றலாம் என்று அப்படித்தான் தெரிந்தது. பென் டிரைவில் எல்லாம் தயார். ஆனாலும் பௌர்ணமி நல்ல நாளாயிற்றே, அன்று காலையிலேயே போடலாம் என்று காத்திருந்தேன்.

போட்டேன். லேப்டாப் புதிது போலத் திறந்தது. வைஃபை மட்டும் இல்லை. அதை இயக்கும் டிரைவர் என்ற சின்ன புரோகிராமை நெட்டிலிருந்து இறக்க வேண்டுமாம். நெட் வருவதற்கோ அந்த டிரைவர் வேண்டும்.

போனை ஒயரில் இணைத்துப் பார்த்தேன். சிக்னல் கோடுகள் நிறைய இருந்தன, ஒன்றும் நகரவில்லை. பௌர்ணமிக் கூட்டத்தில் எங்கள் பக்கம் போன் இப்படித்தான் ஆகும். மாதாமாதம் பார்ப்பதுதான். நல்ல நாள் பார்த்த எனக்கு அது தோன்றவில்லை. டவுனுக்குப் போகலாம் என்றால் பாதையில் வண்டியை விட மாட்டார்கள்.

எதிர்வீட்டில் ஒயர் வழியாக வரும் நெட் உண்டு. ஆனால் தங்கை வந்த புதிதில், அந்த வீட்டு அக்கா குழாயடியில் எல்லார் முன்பும் அவளிடம், “எப்ப திரும்பிப் போவப்போற?” என்று கேட்டுவிட்டார். அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

“அங்க போயி நிக்காதண்ணே. எழுதலன்னா போவுது,” என்றாள் தங்கை. அவள் முகத்தைப் பார்த்த பிறகு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

லேப்டாப்பைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே பாதையைக் கடந்தேன். துண்டு விலகியிருக்க வேண்டும்.

“இன்னா சாமி, மலை சுத்துற எடத்துலயுமா ஆபீஸ் வேல?” என்று ஒருவர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

அக்கா வாசலில் நின்று நடப்பவர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“என்னா தம்பி, இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சுதா?”

“தங்கச்சிக்கு அஞ்சு மணிக்குப் பரீட்சைங்கக்கா. நெட்டு ஒயரு கொஞ்சம்…”

அவர் சொம்பை வைத்துவிட்டார். “இத காலையிலயே வந்து கேக்கறதுக்கு என்னா? உள்ள வா.”

டிவிக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியில் ஒயரைச் செருகியதும் நெட் வந்தது. டிரைவரும் இறங்கியது. லேப்டாப்பை அணைத்து மறுபடி திறந்தபோது வைஃபை பட்டியலில் முதலில் வந்தது அவர்கள் வீட்டுப் பெயர்தான்.

“இங்கயே ஒக்காந்து எழுதட்டுமே.”

“கூச்சப்படுவாக்கா.”

“அன்னைக்கு நான் கேட்டது தப்புதான் தம்பி. எனக்கு வாய் ஜாஸ்தி,” என்றவர், கேட்காமலேயே பாஸ்வேர்டைச் சொன்னார். “உங்க முன் ரூம் வரைக்கும் வரும். ஜன்னலாண்ட வெச்சுப் பாரு.”

ஜன்னலைத் திறந்துவைத்தால்தான் சிக்னல் நின்றது. திறந்தால் தெருச் சத்தம் முழுக்க உள்ளே வந்தது. தங்கை காதில் விழாதவள் போல எழுத உட்கார்ந்தாள். சிறிது நேரத்தில் வெளியே ஒரு குரல் கேட்டது. அக்கா மோர் வாளியை விட்டுவிட்டு எங்கள் வாசலில் வந்து நின்றிருந்தார்.

“இங்க நின்னு பேசாதீங்க, அப்படியே போயிக்கினே இருங்க. எங்க பொண்ணு பரீட்சை எழுதுது.”

தங்கையின் விரல்கள் ஒரு கணம் நின்றன. திரும்பிப் பார்க்காமல் மறுபடி தட்டத் தொடங்கினாள்.

அந்த வேலையில்தான் இப்போதும் இருக்கிறாள்.