முதுகு காட்டும் உத்தியோகம்

மற்ற உத்தியோகங்களில் முகத்தைக் காட்டிப் பிழைக்கலாம். என்னுடையதில் முதுகைத்தான் காட்டவேண்டும்.

விளக்கமாகச் சொல்கிறேன். பின்லாந்துத் தொலைக்காட்சியில் ஒரு பாட்டுப் போட்டி நடக்கிறது. பெயர்பெற்ற பாடகர்கள் நால்வர் பயிற்சியாளர்களாக வந்து, பெரிய சிவப்புக் கதிரைகளில் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார்கள். பாடுகிறவரின் முகம் அவர்களுக்குத் தெரியாது, குரல் மட்டும்தான் கேட்கும். குரல் பிடித்தால் கைக்குப் பக்கத்தில் இருக்கிற பொத்தானை அமத்துவார்கள். கதிரை சுழன்று மேடைப் பக்கம் திரும்பும். ஒருவரும் திரும்பாவிட்டால் பாடியவர் ஒரு கிளாஸ் தண்ணீரைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அந்தக் கதிரைகளும் மேடையும் ஒஸ்லோவில் ஒரு மண்டபத்தில் இருப்பதால், ஒவ்வொரு வசந்தகாலமும் பின்லாந்துக்காரர் மூன்று கிழமைக்கு இங்கே வந்து ஒளிப்பதிவு செய்கிறார்கள்.

பிரபலங்கள் ஒளிப்பதிவு நேரத்துக்குத்தான் வருவார்கள். காலையில் ஒத்திகை. வெளிச்சத்தைச் சரிபார்க்கவும் கமராவைச் சரிபார்க்கவும் அந்தக் கதிரைகளில் யாராவது இருக்கவேண்டும் அல்லவா? மூன்றாவது கதிரையில் ஒன்பது வருடமாக இருப்பவன் நான். அடுத்தவருக்கு இடம் பிடித்து வைத்து, அவர் வந்ததும் எழும்பிக் கொடுத்துவிட்டுப் போய் மூலையில் நின்றவர்கள் உங்களுக்குள்ளும் இருப்பார்கள். அவர்களுக்கு என் கஷ்டம் விளங்கும்.

தகுதி

ஆஸ்பத்திரிச் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் பானை தூக்கியதில் என் முதுகு போய்விட்டது. பாரம் தூக்காத வேலையாகத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் இது கிடைத்தது. ஒத்திகையை நடத்துகிற மார்யா என்ற பின்லாந்துப் பெண்தான் நேர்முகம் வைத்தார். ஒஸ்லோவில் படித்தவர், நோர்வேஜிய மொழி தண்ணீர் மாதிரி வரும். கதிரைக்குச் சொந்தக்காரரான பாடகருடைய உயரம் நூற்று அறுபத்து நான்கு சென்ரிமீற்றர். என்னைச் சுவரோடு நிற்கவைத்து அளந்தார். நானும் அவ்வளவுதான். வாழ்க்கையில் முதல்தடவையாக என் உயரத்தைப் பார்த்து ஒருவர் சந்தோசப்பட்டார்.

ஆறு மணித்தியாலம் ஆடாமல் அசையாமல் இருப்பீர்களா என்று கேட்டார். நான் வெஸ்ட்லியில் இருந்து வருகிறவன். ரயில் அங்கேதான் புறப்படுகிறது, எனக்கு எப்போதும் இருக்க இடம் கிடைக்கும், இருப்பதில் நல்ல பழக்கம் உண்டு என்றேன். பின்லாந்து மொழி தெரியுமா? தெரியாது. இசையில் ஆர்வம் உண்டா? இதற்குத்தான் கொஞ்சம் யோசித்தேன். வீட்டு மூலையில் ஒரு தம்புரா உறை போட்டபடி நிற்கிறது. இல்லை என்று சொன்னேன். மார்யா தாளில் பெரிதாக ஒரு சரி போட்டார்.

"அருமை. பாட்டு விளங்குகிறவர்கள் எங்களுக்கு வேண்டாம், ஒத்திகையிலேயே பொத்தானை அமத்திவிடுவார்கள்."

சூடு

என் கதிரைக்காரர் இடுப்பு வரைக்கும் தலைமயிர் வளர்த்தவர். தோல் சட்டை, மண்டையோட்டு மோதிரம், உயரத்தைக் கூட்டிக் காட்ட அடி தடித்த சப்பாத்து. முதல் இரண்டு வருடம் நான் ஒருவன் இருக்கிறேன் என்பதே அவருக்குத் தெரியாது. அவர் வலப் பக்கத்தால் வருவார், அதற்கு முன்னமே நான் இடப் பக்கத்தால் போய்விடுவேன்.

ஒருநாள் நேரத்தோடு வந்துவிட்டார். நான் கதிரையில் சாய்ந்திருந்து மேலே விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தேன். வாத்தியாரைக் கண்ட பிள்ளை மாதிரி துள்ளி எழும்பினேன். அவர் ஏறி இருந்து பார்த்தார். கையால் கதிரையைத் தடவிப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்.

"முப்பது வருடமாகப் பாடுகிறேன். எனக்கு முன்னால் வந்து இடத்தைச் சூடாக்கி வைக்க வீட்டில்கூட ஆள் இருந்ததில்லை."

சவரம்

எங்கள் மாடிக்கட்டடத்தில் கார்த்திக் என்று கோயம்புத்தூர்ப் பிள்ளை ஒருவன் இருக்கிறான். கணினி வேலை. மின்தூக்கியில் சந்தித்தால் நான் 'கதிரை' என்பேன், அவன் 'சேர்' என்பான். இருவரும் மற்றவரின் தமிழை மனதுக்குள் திருத்திக்கொண்டு நல்ல சிநேகமாக இருக்கிறோம். என்னோடு வாரநாளில் தமிழ் கதைக்கிற ஒரே ஆள் அவன்தான். அதனால் அவன் புறப்படுகிற நேரத்துக்கு நானும் புறப்படுவதுண்டு. அதை அவனுக்குச் சொன்னதில்லை.

தொலைக்காட்சியில் வேலை என்றதும் அவனுக்குப் புளுகம், வாயெல்லாம் பல். எந்தச் சனல், எத்தனை மணி என்று கேட்டான். பின்லாந்துச் சனல், இங்கே ஒருவரும் பார்ப்பதில்லை என்றேன். பரவாயில்லை, இணையத்தில் பார்ப்பேன், நீங்கள் எந்தப் பக்கம் வருவீர்கள் என்றான். நான் ஒரு பக்கமும் வரமாட்டேன், கமரா ஓடத் தொடங்கமுன் எழும்பிவிடுவேன், என் முதுகுகூட வராது என்று சொன்னேன். ஐந்தாம் மாடியில் இருந்து கீழே வரும்வரை யோசித்தான். கதவு திறந்தபோது கேட்டான்.

"அப்புறம் எதுக்கு சார் தினமும் ஷேவ் பண்ணிட்டுப் போறீங்க?"

எட்டு நிமிடம்

அந்தத் தம்புரா என் மகள் ஆரணியுடையது. அவளுக்குப் பன்னிரண்டு வயதில் தாய் தவறிவிட்டாள். தாயில்லாப் பிள்ளையை வளர்க்கத் தெரியவில்லை என்று ஒருவர் வாயிலும் விழக்கூடாது என்பதற்காக நான் செய்த காரியங்களில் பெரியது அவளுடைய சங்கீத அரங்கேற்றம். பதினெட்டு வயது. மண்டபம் எடுத்தேன், பிரதம விருந்தினரைப் பிடித்தேன், கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் சொந்தக்காரரை வரவழைத்தேன். பிள்ளைக்கு இதில் விருப்பமா என்று மட்டும் கேட்கவில்லை.

நன்றாகத்தான் பாடிக்கொண்டுபோனாள். நடுவில் ஒரு வரியில் நின்றுவிட்டாள். மறந்துபோய்விட்டது. மிருதங்கக்காரர் இரண்டு ஆவர்த்தனம் தனியாக வாசித்துச் சமாளித்தார். மகள் முன்வரிசையில் நடுவில் இருந்த என்னைப் பார்த்தாள். நான் எழும்பிச் சாப்பாட்டைப் பார்க்கப் போகிறவன் மாதிரி வெளியே போய், வடைத் தட்டங்களுக்குப் பக்கத்தில் நின்றேன். சபை பார்க்கிறதே என்ற வெட்கம். அவள் எப்படியோ பாடி முடித்தாள். அதற்குப் பிறகு அவள் பாடவும் இல்லை, நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கவும் இல்லை. இப்போது பேர்கனில் ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தொலைபேசி எடுப்பாள். எட்டு நிமிடம் கதைப்போம். அங்கே மழையா, இங்கே பனியா என்பதோடு விசயம் முடிந்துவிடும். மன்னிப்புக் கேட்கலாம் என்று ஒவ்வொரு ஞாயிறும் ஏழாவது நிமிடத்தில் தொண்டை வரைக்கும் வரும்.

"சரி அப்பா, இஞ்சை நல்ல மழை. வைக்கிறன்."

பிழை

போன வருடம் அந்தப் பிழையை விட்டேன். பின்லாந்தின் வடக்கில் பஸ் ஓட்டுகிற ஒரு பெண்மணி ஒத்திகைக்கு வந்திருந்தார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் இரண்டாவது சரணத்தில் குரல் நின்றது விளங்கியது. வாத்தியக்காரர் நிறுத்தாமல் இரண்டு சுற்று வாசித்தார்கள். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அதைக் கேட்டுவிட்டுத்தான் பத்து வருடத்துக்கு முன்னர் எழும்பிப் போனேன். இந்தமுறை கை தானாகப் போய்ப் பொத்தானை அமத்திவிட்டது.

வெளிச்சம் பளிச்சென்று வர, கதிரை சுழன்று நின்றது. நீளத் தலைமயிர்ப் பாடகர் இருக்கவேண்டிய இடத்தில், மடியில் மத்தியானச் சாப்பாட்டுப் பாண் பெட்டியோடு, கம்பளிச் சட்டை போட்ட கட்டையான தமிழன் ஒருவன். மனுசி என்னைப் பார்த்தபடி நின்றார். எனக்கும் என்ன செய்வதென்று தெரியாமல், எங்கள் ஆட்கள் கச்சேரியில் செய்வதுபோலத் தலையை ஆட்டினேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விட்ட இடத்தில் இருந்து எடுத்து முடிவு வரைக்கும் பாடினார். பிறகு மார்யா எனக்குத் தந்த ஏச்சு நியாயமானது. ஒத்திகையில் திரும்பினால் வீணாக நம்பிக்கை வந்துவிடுமாம். பின்னேரம் ஒளிப்பதிவில் நான்கு கதிரையில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. போகமுன் அந்த மனுசி என்னைத் தேடிவந்து, மார்யாவை வைத்தே மொழிபெயர்ப்பித்தார்.

"ஒருவர் திரும்பினார் என்று வீட்டில் சொல்லப்போகிறேன். யார் என்று கேட்டால் சொல்லமாட்டேன்."

ஏழாம் வரிசை

கதிரைகளின் மோட்டாரைப் பார்ப்பவன் யுஹா. பின்லாந்துக்காரன். அவன் சுவீடிஷில் சொல்வான், நான் நோர்வேஜியனில் சொல்வேன். ஒருவருக்கொருவர் விளங்கும். விளங்கினாலும் இருவரும் அதிகம் சொல்வதில்லை. ஆறு வருடமாகச் சேர்ந்து கோப்பி குடிக்கிறோம், அவனுக்குப் பிள்ளைகள் உண்டா என்பதே எனக்குத் தெரியாது.

நான் பொத்தானை அமத்திய அடுத்த நாள் அவன் கோப்பியோடு வந்து பக்கத்தில் இருந்தான். வேலை செய்கிறவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் பார்வையாளர் பகுதியில் இரண்டு இடம் ஒதுக்குவார்கள். என்னுடையவை ஏழாம் வரிசையில். யாரைக் கூப்பிடுவது? எட்டு வருடமாகச் சீட்டுகளை மேசை இலாச்சியில் போட்டு மூடிவைத்தேன். யுஹா பாதிக் கோப்பியைக் குடித்தான். பிறகு அந்த ஆறு வருடத்திலும் சொன்ன மிக நீண்ட வசனத்தைச் சொன்னான்.

"உன்னுடைய இரண்டு இடமும் எப்போதும் காலியாக இருப்பதால், கமராக்காரர்கள் அந்தப் பக்கம் திருப்பவே மாட்டோம் என்கிறார்கள்."

மதிய இடைவேளை

இந்த வருடம் சீட்டைப் படம் எடுத்துப் பேர்கனுக்கு அனுப்பினேன். மறுமொழியாக ஒரு பெருவிரல் படம் வந்தது. அவ்வளவுதான் என்று நினைத்து இரண்டு முட்டை பொரித்துச் சாப்பிட்டேன். நாற்பது நிமிடம் கழித்து, எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று ஒரு வரி வந்தது.

காலை விமானத்தில் வந்தாள். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். யுஹாவும் தன் வழக்கப்படி மோட்டார்களுக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் போனான். மண்டபத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் இருவருக்கும் கட்டிவந்த பாணை வெளியே எடுக்கமுன் அவள் போய் மூன்றாவது கதிரையில் ஏறி இருந்துவிட்டாள்.

"இதிலையோ அப்பா இருக்கிறனீங்கள்?"

"ஓம்."

"இதிலை இருந்தா மேடை தெரியாதே."

"தெரியாது."

"அப்ப போய் மேடையிலை நிண்டு பாடுங்கோ. எப்பிடிக் கேக்குதெண்டு பாப்பம்."

"எனக்கெங்கை பிள்ளை பாட வரும்?"

"பாட வராத ஆக்களையும் மேடை ஏத்துறவைதானே."

அதைச் சிரிக்காமல்தான் சொன்னாள். நான் பாணைக் கீழே வைத்துவிட்டு ஏறினேன்.

பள்ளிக்கூடத்தில் படித்து, மனைவி இருந்தவரைக்கும் வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் பாடின தேவாரம் ஒன்றைத் தொடங்கினேன். குரல் கரகரத்தது. மண்டபத்துக்கு நான் மிகவும் சின்னவனாகத் தெரிந்தேன். எதிரே நான்கு சிவப்பு முதுகுகள். ஒன்பது வருடத்தில் அவற்றை இந்தப் பக்கத்தில் இருந்து நான் பார்த்ததே இல்லை. இரண்டு வரி போனது. மூன்றாவது வரி வரவில்லை. நித்திரையிலும் சொல்லக்கூடிய வரி, சுத்தமாகத் துடைத்துவிட்டதுபோல இல்லை.

நின்றேன். கதிரையின் முதுகு உயரமானது, அவளுடைய தலை தெரியவில்லை. இருக்கிறாளா, எழும்பிப் போய்விட்டாளா என்று தெரியவில்லை. போயிருந்தால் ஒரு சொல்லும் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். மேடையில் நின்று முன்வரிசையைப் பார்த்த பிள்ளைக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்பது பதினொரு வருடத்துக்குப் பிறகு, நானே அங்கே நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. "ஆரணி, அண்டைக்கு நான் செய்தது பிழை" என்று அந்தக் கதிரையின் முதுகுக்குச் சொன்னேன். டொக், டொக் என்று பொத்தானை அமத்துகிற சத்தம் கேட்டது. மின்சாரம் இல்லாத கதிரை எப்படித் திரும்பும்? இன்னும் ஒருதரம் டொக் என்றது. பிறகு அந்தச் சிவப்பு முதுகுக்குப் பின்னால் இருந்து அவளுடைய குரல் வந்தது.

"இது திரும்புதில்லை அப்பா. ஆனா நான் எழும்பிப் போகேல்லை, இஞ்சைதான் இருக்கிறன். மிச்சத்தைப் பாடுங்கோ."

கதிரையில் சும்மா இருக்கிறவனுக்குச் சம்பளமும், மேடையில் நடுங்குகிறவருக்கு ஒரு கிளாஸ் தண்ணீரும் கொடுக்கிற இந்த உத்தியோகத்தில் எங்கேயோ பெரிய பிழை ஒன்று இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்பது வருடமும் என் மகளும் வேண்டியிருந்தது.