காய் வேண்டாத தக்காளி

1. திங்கட்கிழமை

நான் உரம் விற்கத் தொடங்கிய முதல் நாள் ஒரு திங்கட்கிழமை. என் முதலாளி தேவன் அண்ணை அது செவ்வாய் என்று இன்றும் சாதிக்கிறார். நாட்குறிப்பு என்னிடம் இருக்கிறது, அவரிடம் இல்லை. ஆகவே திங்கள்.

சிட்னியின் பிளாக்டவுனில், ஒரு டயர் கடைக்கும் ஒரு கார் பட்டறைக்கும் நடுவில் இருந்தது எங்கள் ஹைட்ரோபோனிக்ஸ் கடை. மண்ணில்லாமல், சத்து கலந்த தண்ணீரில் செடி வளர்ப்பதற்கான சாமான்கள் விற்போம். விளக்கு, விசிறி, தொட்டி, பம்ப், சுவர் முழுக்க உரப் பாட்டில்கள். நான் தமிழ்நாட்டில் வேளாண்மை படித்தவன். மண் பற்றிக் கையில் கிடைத்த புத்தகத்தையெல்லாம் வாசித்துவிட்டு, கடைசியில் மண்ணே இல்லாத கடையில் வேலைக்குச் சேர்ந்தேன்.

என் விசா அந்தக் கடையோடு கட்டிப்போடப்பட்டிருந்தது. விசாத் தாளில் என் தொழில் 'பயிர் ஆலோசகர்'. பி.ஆர். எனும் நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கு விண்ணப்பம் போடும் நாள் வரும்போது, இவர் தன் தொழிலில் தேர்ந்தவர் என்று அண்ணை ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். கடிதம் இல்லையென்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அந்த நாளுக்கு இன்னும் எத்தனை நாள் என்று நாட்குறிப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் மேல் மூலையில் எழுதிவந்தேன்.

அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். முதல் நாள் காலையில் எனக்கு ஒரு பச்சை ஏப்ரனும், பதவி அச்சிட்ட ஒரு பேட்ஜும் தந்து, ஒரே ஒரு விதியைச் சொன்னார்.

"இஞ்ச வாற எல்லாரும் தக்காளிதான் வளர்க்கினம், தம்பி. அவையள் என்ன கேட்டாலும் தக்காளிக்குச் சொல்லும். வேற ஒண்டும் கேக்க வேண்டாம்."

நான் நம்பினேன்.

2. தக்காளி தேசம்

முதல் வாரம் கடைக்கு இருபத்துமூன்று பேர் வந்தார்கள். அதில் இருபத்திரண்டு பேர் தக்காளி வளர்ப்பவர்கள். மீதி ஒருவர் கழிவறை எங்கே என்று கேட்க வந்தவர்.

தக்காளிக்காரர்கள் எல்லாரும் ஒரே சாயலில் இருந்தார்கள். கடைக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற மாட்டார்கள். காரைக் கடைக்கு முன்னால் விடாமல் டயர் கடைக்கு முன்னால் விடுவார்கள். எவர் நகத்திலும் மண் இல்லை. இதையெல்லாம் நான் கவனித்தேன், தேதி போட்டு எழுதியும் வைத்தேன். ஆனால் எழுதிவைத்ததிலிருந்து ஒன்றும் முடிவு கட்டவில்லை. மேற்கு சிட்னியின் தக்காளி மோகம் பற்றி அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் நீண்ட குறிப்பு ஒன்று அனுப்பினேன். இத்தாலியர்கள் இங்கே பெருவாரியாகக் குடியேறியதன் விளைவாக இருக்கலாம் என்று ஒரு கருதுகோளும் சேர்த்திருந்தேன். "அங்க தக்காளி கிலோ என்ன வெல?" என்று மட்டும் அக்கா பதில் போட்டாள்.

3. பாட்டிலின் முதுகு

இப்போது நான் மெல்பர்னில், வெரிபீக்கு அப்பால், மருந்துக்காக வளர்க்க அரசு உரிமம் பெற்ற ஒரு கண்ணாடிக்கூடத்தில் வேலை செய்கிறேன். புதிதாகச் சேருபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்த உரம் நல்லது என்பதுதான். அவர்களுக்காகவே இந்தப் பகுதி.

உரப் பாட்டிலின் முன்பக்கம் இலக்கியம், பின்பக்கம் வேதியியல். எங்கள் கடைப் பாட்டில்களின் முன்பக்கத்தில் டிராகன் இருந்தது, எரிமலை இருந்தது, தசை முறுக்கிய ஒரு மொட்டு இருந்தது. மொட்டுக்கு எதற்குத் தசை என்று நானும் கேட்கவில்லை, வாங்கியவர்களும் கேட்கவில்லை. திருப்பிப் பார்த்தால் சிறிய எழுத்தில் மூன்று எண்கள் இருக்கும்: நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம். இலை வளரும் பருவத்தில் முதல் எண் கூடுதலாக இருக்கலாம். பூக்கும் பருவத்தில் அதைக் குறைக்க வேண்டும். கால்சியமும் மெக்னீசியமும் ஏற்கெனவே குழாய்த் தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு, குறைவதை மட்டும் சேர்த்தால் போதும். தண்ணீரின் pH சரியில்லையென்றால் எந்த டிராகன் வந்தாலும் வேர் வாயைத் திறக்காது. இது தக்காளிக்கும் பொருந்தும், மற்றதற்கும் பொருந்தும்.

அலமாரியில் இருந்த பதினாறு பாட்டில்களையும் ஒரு புதன்கிழமை வரிசையாகத் திருப்பிவைத்து எண்களைக் குறித்தேன். பதினொன்றில் சாயத்தைத் தவிர வேறு வித்தியாசம் தெரியவில்லை. அண்ணையிடம் பட்டியலைக் கொடுத்தேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதையும் நிதானமாக வாசித்தார். நல்ல வேலை என்றார். பிறகு பாட்டில்களையெல்லாம் மறுபடி முன்பக்கம் தெரியும்படி திருப்பிவைக்கச் சொன்னார்.

4. பல் துலக்கும் பிரஷ்

மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை, கழுத்தில் தேள் பச்சை குத்திய ஒருவர் வந்தார். பெயர் வேண்டாம், தேள்காரர் என்றே வைத்துக்கொள்வோம். தன் தக்காளி பூத்துவிட்டது, பூ இன்னும் பெரிதாக வர எந்தப் பாட்டில் என்று கேட்டார்.

மூன்று வாரமாக நான் காத்திருந்த கேள்வி இது. பூ பெரிதாவது முக்கியமில்லை, மகரந்தம் சேர்வதுதான் முக்கியம் என்று தொடங்கினேன். வீட்டுக்குள் காற்றும் இல்லை தேனீயும் இல்லை. ஆகவே பேட்டரியில் ஓடும் பல் துலக்கும் பிரஷ்ஷைப் பூக்காம்பின் மேல் தொட்டுப் பிடித்தால் அது அதிரும், மகரந்தம் உதிரும், ஒவ்வொரு பூவிலும் காய் பிடிக்கும். ஒரு செடி விடாமல் செய்யுங்கள் என்றேன். கையால் ஆட்டியும் காட்டினேன்.

தேள்காரரின் முகம் வெளுத்தது. தனக்குக் காய் வேண்டாம் என்றார்.

"காய் வேண்டாமா?"

வேண்டவே வேண்டாம், ஒரு விதைகூட விழக் கூடாது என்றார். காய் வேண்டாதவர் தக்காளி ஏன் வளர்க்க வேண்டும் என்று நான் மரியாதையாகக் கேட்டேன். அவர் என்னையும் பேட்ஜையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குள் அண்ணை பாய்ந்து வந்து, தசை மொட்டு ஒன்றை அவர் கையில் திணித்து வாசல்வரை கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்து என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, நீர் உண்மையாவே தக்காளி எண்டு நினைச்சனீரோ?"

"நீங்கதானண்ணே சொன்னீங்க."

"ஓம், சொன்னனான். சொன்னா நம்புறதே?"

கஞ்சா. இதோ எழுதிவிட்டேன். அதில் பூதான் சரக்கு, விதை பிடித்தால் மதிப்புப் போய்விடும். அந்தக் கடையில் வேலை செய்த காலம் முழுவதும் இந்தச் சொல்லை நான் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்த மாநிலத்தில் வீட்டில் அதை வளர்ப்பது குற்றம். யாராவது கடைக்குள் அந்தச் சொல்லைச் சொன்னால் அண்ணை வாசலைக் காட்டிவிடுவார்.

"தெரிஞ்சு வித்தாக் குற்றம். தெரியாம வித்தா வியாபாரம்," என்றார். "நான் இவ்வளவு காலமா ஒண்டும் தெரியாமத்தான் கடை நடத்துறன்."

அன்றைய நாட்குறிப்பில் ஒரே வரிதான் இருக்கிறது: 'இத்தாலியர்கள் காரணமில்லை.'

5. அன்ரி

முட்டாளாகிவிட்டவன் அடுத்துச் செய்வது அதிபுத்திசாலியாவது. அந்தக் கோடைக்குள் நான் தக்காளி என்ற சொல்லுக்கே தலையை ஒரு பக்கம் சாய்த்து, குரலைத் தாழ்த்திப் பதில் சொல்லப் பழகியிருந்தேன். அண்ணைக்கு என் முன்னேற்றத்தில் மகிழ்ச்சி.

ஜனவரி மாதத்து வியாழன் ஒன்றில் வெஸ்ட்மீடிலிருந்து யோகம் அன்ரி என்று எல்லாரும் கூப்பிடும் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் வந்தார். மகள் அங்கே மருத்துவமனையில் நர்ஸ். மகள் காரில் இருக்க, அன்ரி மட்டும் கைப்பையோடு உள்ளே வந்து, கடையில் வேறு யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"தம்பி, தக்காளி வச்சிருக்கிறன். இலை நல்லா வருது. பூதான் காணாது. பூ நல்லா வரோணும்."

எத்தனை செடி என்றேன். எட்டு என்றார். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றேன்.

"பின் விறாந்தையில, கண்ணாடி அடைச்சு. வெளியில வைக்கேலாது." இன்னும் குனிந்தார். "எல்லாம் இவருக்காகத்தான். கடையில வாங்கிறது இவருக்குச் சரிவருதில்லை. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்."

எனக்கு மனம் உருகிவிட்டது. இந்த வயதில், நோயாளிக் கணவருக்காக, மகளுக்குக்கூடத் தெரியாமல் ஒரு பெண்மணி சட்டத்தை மீறத் துணிந்திருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அங்கிளுக்கு என்ன நோய் என்று கேட்காமல் இருந்ததைப் பண்பு என்று நினைத்தேன். தசை மொட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். கூடவே ஒரு கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பையும் கொடுத்து, இந்த மாதிரித் தக்காளிக்குப் பன்னிரண்டு மணி நேரம் முழு இருட்டு வேண்டும், மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை மூடிவையுங்கள் என்றேன். 'இந்த மாதிரி' என்பதைச் சற்று அழுத்தினேன். கஞ்சா பூக்க அவ்வளவு நீண்ட இருட்டு வேண்டும், தக்காளிக்கு வேண்டாம்.

அன்ரி சொன்னது அத்தனையும் உண்மை என்பது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. கடைத் தக்காளியில் புளிப்பில்லை என்று அங்கிள் ரசத்தைத் தள்ளிவைத்துவிடுவார். வெளியில் வைத்தால், இரவில் கூரையிலிருந்து இறங்கும் பொசம் என்ற மரநாய் மாதிரிப் பிராணி தின்றுவிடும். ரகசியம் எதற்கென்றால், பக்கத்துத் தெருப் பெண்மணி ஒருவர் தன் தக்காளியைக் கோயிலுக்குக் கொண்டுவந்து எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். அவரை முந்த வேண்டும். வேறு ஒன்றுமில்லை.

6. ஏப்ரனும் சீருடையும்

ஜனவரியில் சிட்னியில் மாலை ஆறு மணிக்கு நல்ல வெயில். கண்ணாடி அடைத்த விறாந்தைக்குள் கறுப்பு பிளாஸ்டிக்கில் மூடிய எட்டுச் செடிகளும் அவிந்தன. வந்திருந்த கொஞ்சப் பூவும் கொட்டியது. அன்ரி மனம் தளராமல் நேரம் தவறாமல் மூடித் திறந்தார். வேலிக்கு அப்பால் இருந்த வீட்டுக்காரர் ஏழு நாள் இதைப் பார்த்துவிட்டு எட்டாம் நாள் போலீசுக்குப் போன் செய்தார்.

வந்த பெண் அதிகாரியைச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்னாராம் அன்ரி. விரிப்பைத் தூக்கிக் காட்டினார். தக்காளிதான். அதிகாரி சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவர் விவரமானவர். இருட்டு யோசனை யாருடையது என்று கேட்டார். அன்ரி கடை ரசீதை எடுத்து நீட்டினார்.

வெள்ளிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு அதிகாரி எங்கள் கடைக்கு வந்தார். பின்னாலேயே மகளின் காரில் அன்ரியும் வந்து இறங்கினார், ஒரு வாடிய செடியைத் தொட்டியோடு சாட்சிக்குத் தூக்கிக்கொண்டு. அதிகாரி என் பேட்ஜை வாசித்தார். தக்காளிக்கு எதற்குப் பன்னிரண்டு மணி நேர இருட்டு என்று கேட்டார்.

அண்ணை அலமாரிப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே நேராக இருந்த பாட்டில்களை நேராக்கத் தொடங்கினார்.

என்னிடம் இரண்டு பதில் இருந்தன. இவர் வளர்ப்பது தக்காளியில்லை என்று நினைத்தேன் என்பது ஒன்று. அது உண்மை. சொன்னால், வருபவர்கள் எதை வளர்க்கிறார்கள் என்று தெரிந்தே விற்கிறோம் என்று ஆகிவிடும். கடை போகும், அண்ணை போவார், அவரோடு என் கடிதமும் போகும். மற்றது பொய். அதைச் சொன்னால் கடை தப்பும். ஆனால் விசாத் தாளில் உள்ள என் தொழில் அதே இடத்தில் செத்துவிடும். நாட்குறிப்பின் மூலையில் அன்று இருந்த எண் எண்பத்தொன்று.

எனக்குத் தக்காளி பற்றி ஒன்றும் தெரியாது என்றேன்.

அதிகாரி மறுபடி பேட்ஜைப் பார்த்தார். என் பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டு, அதன் கீழே நான் சொன்னதையும் எழுதினார். அன்ரிக்குத்தான் தாங்கவில்லை.

"தெரியாட்டித் தெரியாதெண்டு அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, தம்பி. ஒரு கிழமையா நான் அதுகளுக்குப் போர்த்துப்போர்த்து எடுத்தனான்."

போகிற போக்கில் அதிகாரி இன்னொன்று கேட்டார். அவருடைய அம்மாவின் தக்காளியும் இலை மட்டும் விடுகிறதாம், பூக்கவில்லையாம், ஏன்? அது விசாரணையா விசாரிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பதில் நாக்கு நுனியில் இருந்தது: நைட்ரஜன் கூடிவிட்டது, உரத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். வாயைத் திறந்தேன். அண்ணை முந்திக்கொண்டார். இவருக்குத் தெரியாது மேடம் என்றார்.

7. கடிதம்

அந்தச் சனிக்கிழமை ரயிலேறி வெஸ்ட்மீடுக்குப் போனேன். அன்ரியிடம் அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்: இதுவரை என்ன உரம் போட்டீர்கள்? புல்வெளிக்கு வாங்கிய உரத்தின் மிச்சம் என்றார். அது முழுக்க நைட்ரஜன். அதை நிறுத்தி, விரிப்பைச் சுருட்டி, கண்ணாடியைத் திறந்துவிட்டு, பொசத்துக்கு வலை கட்டினேன். புதுப் பூ வந்ததும் மறுபடி போய், பேட்டரி பிரஷ்ஷை எடுத்துக் காம்பில் பிடித்துக் காட்டினேன். அன்ரி அதையே உற்றுப் பார்த்தார்.

"இது பாவிச்சதோ?"

புதிது என்று பெட்டியைக் காட்டிய பிறகுதான் தொட்டார்.

இதிலிருந்து நான் கற்றதை வெரிபீயில் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரே கேள்வியாகச் சொல்கிறேன். உரம் கேட்டு வருகிறவரிடம் எந்தச் செடி என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லாரும் உண்மை சொல்வதில்லை. காய் வேண்டுமா வேண்டாமா என்று கேளுங்கள். அதற்கு யாரும் பொய் சொல்வதில்லை. அண்ணையிடம் இதைச் சொன்னபோது பயந்துபோனார். அப்படிக் கேட்டால் தெரிந்துபோய்விடுமே என்றார்.

மூலையில் எண் மூன்று என்று இருந்த நாள் அன்ரி கடைக்கு வந்து, ஒரு பை நிறையத் தக்காளியை மேசையில் கொட்டிவிட்டுப் போனார். அந்தக் கடைக்குள் தக்காளிப் பழம் வந்தது அதுதான் முதல்முறை. தேள்காரரோ அவரைப் போன்ற ஒருவரோ அதைக் கண்டு திடுக்கிட்டு, வாங்க வந்ததை வாங்காமலே போய்விட்டார்.

அண்ணை ஒரு தக்காளியைத் துடைத்துக் கடித்துக்கொண்டே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து என் கடிதத்தை அடித்தார். தக்காளிச் சாகுபடியில் இவரைப் போல் தேர்ந்த ஒருவரை நான் கண்டதில்லை என்று எழுதியிருந்தார். ஆக, இந்த நாட்டில் என்னைப் பற்றி எழுத்தில் இரண்டு சாட்சியம் இருக்கிறது, ஒன்று போலீஸ் குறிப்பேட்டில், மற்றது குடிவரவுக் கோப்பில். இரண்டும் நேர் எதிர். போலீசிடம் வேறு மாதிரிச் சொல்லியிருக்கிறோமே அண்ணே என்றேன். அவர் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"நான் பொய்யொண்டும் எழுதேல்லை, தம்பி. இந்தக் கடையில தக்காளியைத் தக்காளி எண்டு நம்பினது நீர் ஒராள்தான்."